மூக்கை நிமிர்த்தும் ஊசி... கூர்முனையா, மழுங்கல் முனையா?

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து பூந்தமல்லி வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். ‘ஃபில்லர்’ என்று எழுதிய போர்டு ஒன்றாவது கண்ணில் படும். ஒட்டிய கன்னத்தை நிரப்ப, உதட்டை எடுப்பாக்க, சப்பை மூக்கை நிமிர்த்த... எல்லாவற்றுக்கும் ஊசிதான்! “அரை மணி நேர வேலை மேடம், வலிக்கவே வலிக்காது” என்பார்கள்.

ஆவடியிலிருந்து ஒரு அம்மா, கல்யாணம் நிச்சயமான மகளோடு வந்திருந்தார். “மூக்குல இந்த ஊசி போட்டா கண்ணு போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா டாக்டர்?” மகளுக்குக் கோபம். “அம்மா, இப்போ ஊசியே கிடையாது. கேனுலாவுலதான் போடறாங்க. அது சேஃப்!”

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை.

நான் சித்த மருத்துவன். இந்த ஊசி போடுவது என் வேலை அல்ல, அதற்கான பயிற்சியும் எனக்கில்லை. ஆனால் புருவ மத்தியில் கை வைக்கும்போது எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது வர்மம் படித்த எங்களுக்குத் தெரியும். திலர்த வர்மம் இருக்கும் இடமாயிற்றே! நவீன உடற்கூறு என்ன சொல்கிறது? மூக்கு, நெற்றி, புருவ மத்தி ஆகிய இடங்களில் ஓடும் சிறு ரத்தக் குழாய்கள், கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியோடு இணைந்தவை. பாகு போன்ற ஃபில்லர் தவறிப்போய் குழாய்க்குள் இறங்கி, அழுத்திச் செலுத்தினால் பின்னோக்கி ஓடும். அழுத்தம் விட்டதும் ரத்தத்தோடு சேர்ந்து விழித்திரைக்குப் போய் அடைத்துவிடும். இது அபூர்வம்தான். ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

(ஃபில்லரில் பெரும்பாலும் இருப்பது ஹையலூரானிக் அமிலம். 1934-ல் அதை முதன்முதலில் பிரித்தெடுத்ததே மாட்டின் கண்ணிலிருந்துதான். வேடிக்கை!)

சரி, கேனுலா என்றால் என்ன? டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தி பிளாஸ்டர் ஒட்டுவார்களே, அது இல்லை. அது ரத்தக் குழாய்க்குள் போக வேண்டியது. இது போகவே கூடாதது! வளையக்கூடிய மெல்லிய குழல். முனை மழுங்கல், மருந்து வரும் துளை பக்கவாட்டில். முதலில் ஊசியால் தோலில் ஒரு துளை போட்டு, அதன் வழியே இதை நுழைப்பார்கள். எதிரே ரத்தக் குழாய் வந்தால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். ரத்தக்கட்டும் குறைவு.

2021-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 370 தோல் மருத்துவர்கள் போட்ட சுமார் 17 லட்சம் சிரிஞ்சுகளைக் கணக்கெடுத்தார்கள். ஊசியில் 6,410 சிரிஞ்சுக்கு ஒரு ரத்தக் குழாய் அடைப்பு; கேனுலாவில் 40,882-க்கு ஒன்று.

“அப்போ கேனுலாவே போதுமே!” என்பீர்கள். அவசரப்படாதீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அண்ணன்களைக் கேளுங்கள், கம்பியில் கேஜ் நம்பர் கூடினால் கம்பி மெலிசு என்பார்கள். இங்கும் அதே கணக்குதான். 22, 25 கேஜ் கேனுலா சற்றுத் தடிமன், குழாயைத் துளைப்பது கடினம். 27 கேஜ், அதைவிட மெலிசு என்றால் கிட்டத்தட்ட ஊசி மாதிரியே குத்திவிடும். ‘மெலிசா இருந்தா வலிக்காது’ என்ற ஆசை இங்கே ஆபத்து. அதேபோல ஊசி எப்போதும் வில்லனும் அல்ல. உதட்டு ஓரம் போன்ற நுணுக்கமான இடங்களில் ஊசிதான் கைக்கு அடங்கும். எந்தக் கருவியானாலும் மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிற கைதான் முக்கியம். அந்தக் கை தோல் மருத்துவருடையதாகவோ பிளாஸ்டிக் சர்ஜனுடையதாகவோ இருக்கட்டும். பியூட்டி பார்லரில் வேண்டவே வேண்டாம்.

அவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்: “எனக்கு எந்த இடத்தில் ஊசி, எங்கே கேனுலா, எத்தனை கேஜ்? ஹையலூரானிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா?” அடைத்த ஃபில்லரைக் கரைக்கும் மருந்து அது. இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சிலிக்கான் திரவத்தை இது கரைக்காது என்பதையும் ஞாபகம் வையுங்கள். ஊசியே இல்லாத ‘பேனா’ என்று இன்டர்நெட்டில் விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021-லேயே எச்சரித்துவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் வாரம் போய் நிற்காதீர்கள். வீக்கம் வடிய அவகாசம் வேண்டாமா?

போட்ட பிறகு தோல் வெளுத்தாலோ, வலை பின்னினாற்போல நீலம் பாய்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே அதே டாக்டரிடம் ஓடுங்கள். மரத்துப்போகும் மருந்து கலந்திருப்பதால் சில சமயம் வலியே தெரியாது. விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். நிறம் சட்டென்று திரும்ப வேண்டும். ஐஸ் வைக்காதீர்கள். மஞ்சள் பற்று, சந்தனப் பற்று எதுவும் வேண்டாம், சித்த மருத்துவனே சொல்கிறேன்! பார்வை மங்கினால் நிமிடக் கணக்குதான். கண் மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போகும்போது ஃபில்லர் பெட்டியின் ஸ்டிக்கரையும், போட்ட நேரத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.