பெட்ரோலியம் ஜெல்லியின் அன்றாடப் பயன்கள்

பெட்ரோலியம் ஜெல்லி என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் மெழுகும் எண்ணெயும் கலந்த, வழவழப்பான களிம்பு போன்ற பொருள். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இதனை 'வாசலின்' என்ற வணிகப் பெயராலேயே அழைக்கின்றனர். மருந்துக்கடையில் சிறு டப்பாவில் விற்கப்படும் இந்தப் பொருள்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் அளவுக் கருவிகள் மீதும், ஆவடிப் பக்கத்து பேட்டரி கடைகளில் பேட்டரி முனைகள் மீதும் பூசப்படுகிறது.

உதடு, குதிகால், இரும்பு, ஈயம் என எங்கே பூசினாலும் இது செய்யும் வேலை ஒன்றுதான். நீர் எளிதில் கடக்க முடியாத மெல்லிய படலமாக மேலே நின்று, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும் வெளி ஈரத்தை உள்ளே விடாமலும் காக்கிறது. இது தோலுக்கு ஊட்டம் தருவதில்லை. ஈரத்தைத் தானாகச் சேர்ப்பதில்லை. கிருமிகளைக் கொல்வதும் இல்லை. இதை நினைவில் கொண்டால் எங்கே பூசலாம், எங்கே பூசக்கூடாது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

வரலாறு

1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்ற ஊரில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. அங்கு சென்ற ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர், எண்ணெய் இறைக்கும் தண்டுகளில் கருநிற மெழுகு படிவதைக் கண்டார். தொழிலாளர்களுக்கு அது தொல்லைதான். ஆனாலும் வெட்டுக்காயங்களின் மீது அதையே தடவிக்கொண்டனர். அவர் அதை எடுத்துச் சென்று பல ஆண்டுகள் ஆய்ந்து தூய்மைப்படுத்தி, 'வாசலின்' என்று பெயரிட்டு 1872-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் 1955-இல் பாண்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது. 1987-இல் யூனிலீவரிடம் சென்றது. இந்தியாவில் பாண்ட்ஸ் இந்தியா நிறுவனம் 1998-இல் இந்துஸ்தான் லீவருடன் இணைக்கப்பட்டது.

தன்மை

இது ஹைட்ரோகார்பன்களின் கலவை. நீரில் கரையாது. தேங்காய் எண்ணெயும் நெய்யும் நாளானால் காறல் வாடை அடிக்கும். பெட்ரோலியம் ஜெல்லி அவ்வாறு எளிதில் கெடுவதில்லை. சித்திரை வெயிலில் டப்பாவுக்குள் இளகிவிட்டாலும், ஆறியபின் மீண்டும் கெட்டியாகும். இந்திய மருந்தியல் நூலில் இது வெண் மென் பாரஃபின், மஞ்சள் மென் பாரஃபின் என்ற பெயர்களில் இடம்பெறுகிறது. பல மருந்துக் களிம்புகளுக்கு அடிப்பொருளாக இருப்பதும் இதுவே.

தோல் பராமரிப்பு

வயதானவர்களின் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைவு. அதனுடன் கடின நீர்க் குளியல், அதிக சோப்பு, நாள் முழுதும் ஏ.சி. அறையில் வேலை ஆகியவை சேரும்போது தோல் வறண்டு வெடிக்கிறது. ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்தும் பல புறநகர் வீடுகளில் இது மார்கழி, தை மாதங்களோடு முடிவதில்லை.

காய்ந்த தோலில் ஜெல்லியைப் பூசினால் பயன் குறைவு. அடைத்து வைக்க அங்கே ஈரம் இல்லை. குளித்தவுடன் துண்டால் ஒற்றி, தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே மெல்லியதாகத் தடவ வேண்டும். வெடித்த உதட்டுக்குத் தூங்குமுன் ஒரு பூச்சு போதும். குழந்தைகளுக்கு டயப்பர் கட்டும் இடத்தைச் சுத்தம் செய்து உலர்த்தி இதைத் தடவினால், சிறுநீரின் ஈரம் தோலை அரிப்பது குறையும். தலைக்குச் சாயம் பூசுமுன் நெற்றியோரத்திலும் காதிலும் தடவிக்கொண்டால் அங்கே கறை ஒட்டாது.

உணர்ச்சி குறைந்த பாதங்கள்

பாதப் பராமரிப்பில் தமிழ்நாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்களில் வரும் புண்கள் சதை தானாக அழுகுவதால் வருபவை அல்ல, உணர்ச்சி இழந்த இடத்தில் படும் காயங்களால் வருபவை என்று எடுத்துக்காட்டினார். நரம்பு பாதிக்கப்பட்டால் வியர்வை நின்று தோல் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வலிக்காததால் நோயாளி அதன் மேலேயே நடப்பார். வெடிப்பு ஆழமாகிப் புண்ணாகும். இதனால்தான் பாதத்தைத் தினமும் நீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரம் உலருமுன் எண்ணெயோ வாசலினோ பூசும் பழக்கம் தொழுநோயாளிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது.

நீண்டநாள் சர்க்கரை நோயிலும் இதே ஆபத்து உண்டு. ஆனால் சர்க்கரை நோயாளிகள் பாதத்தை நெடுநேரம் ஊறவைக்கக் கூடாது. அவர்கள் பின்பற்ற வேண்டியவை:

1. பாதத்தைக் கழுவ வெதுவெதுப்பான நீர் போதும். சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும்.
2. விரல் இடுக்குகளை நன்கு துடைத்து உலர்த்த வேண்டும்.
3. குதிகாலிலும் அடிப்பாதத்திலும் மட்டும் ஜெல்லியைத் தடவ வேண்டும். விரல் இடுக்கில் தடவினால் ஈரம் அடைபட்டுச் சேற்றுப்புண் வரலாம்.
4. தடவியவுடன் வெறுங்காலில் நடந்தால் வழுக்கும். பருத்திக் காலுறை அணிந்துகொள்ள வேண்டும்.
5. வெடிப்பில் இரத்தமோ சீழோ தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பது நல்ல அறிகுறி அல்ல.

காயங்களும் தீப்புண்களும்

சிறு சிராய்ப்பு என்றால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மெல்லியதாக ஜெல்லி பூசிக் கட்டு போடலாம். காயம் காய்ந்து பொருக்குத் தட்டாமல் ஈரமாக இருந்தால் விரைவாக ஆறும்.

புதிய தீப்புண்ணில் இதைப் பூசக்கூடாது. படலம் சூட்டை உள்ளே அடைத்துவிடும். பற்பசை, மை, இட்லி மாவு தடவுவதும் தவறு. குழாய் நீரைத் தொடர்ந்து 20 நிமிடம் ஓடவிட்டு ஆற்றுவதே முதலுதவி. நாய்க்கடியிலும் எதையும் பூசி மூடக்கூடாது. ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும்.

படர்தாமரை, வியர்க்குரு உள்ள இடங்களுக்குக் காற்று தேவை, அங்கும் வேண்டாம். மூக்கு காய்ந்தால் உள்ளே நாள்தோறும் தடவும் பழக்கத்தைத் தவிர்க்கவும். அது சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் சென்று ஒருவகை நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும்.

வீட்டிலும் பட்டறையிலும்

பேட்டரி முனைகள்: இன்வெர்ட்டர், கார், ஆட்டோ பேட்டரிகளின் முனைகளில் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துவிடும். இன்வெர்ட்டரை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, முதலில் எதிர்முனையையும் பிறகு நேர்முனையையும் கழற்ற வேண்டும். சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். அந்த நீர் பேட்டரிக்குள் இறங்கக்கூடாது. உலர்ந்தபின் நேர்முனையை முதலில் மாட்டி, இரண்டையும் இறுக்கிய பிறகே மேலே ஜெல்லி பூச வேண்டும். ஜெல்லி மின்சாரத்தைக் கடத்தாது. உலோகமும் உலோகமும் தொட்டபின் மூடிக் காப்பதே அதன் வேலை.

கருவிகள்: ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் படிக்கும் மாணவர்களுக்கு, ஸ்லிப் கேஜ்களைப் பயன்படுத்தியபின் துடைத்து பெட்ரோலியம் ஜெல்லி பூசி வைக்கக் கற்றுத் தருகின்றனர். விரல்பட்ட வியர்வை கூட அவற்றைத் துருப்பிடிக்க வைக்கும். வீட்டில் தையல் ஊசி, கத்தரிக்கோல், ஸ்பேனர், கதவுக் கீல் ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

எறும்பு: பலகார அலமாரியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைப்பது பழைய வழக்கம். டெங்கு பரப்பும் கொசு அந்த நீரில் முட்டையிடும். அதற்குப் பதிலாகக் கால்களைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ஜெல்லி பூசலாம். தூசி படிந்தால் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

பிற: பலாப்பழம் அரியுமுன் கையிலும் கத்தியிலும் தடவினால் பால் ஒட்டாது. விரலில் சிக்கிய மோதிரத்தையும் வழுக்கி எடுக்கலாம்.

பயன்படுத்தக் கூடாத இடங்கள்

இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி வலுவிழக்கும். எனவே ரப்பர் வாஷர், ரப்பர் கையுறை, ஆணுறை ஆகியவற்றில் படக்கூடாது. தோசைக்கல் துருப்பிடிக்காமலிருக்க நல்லெண்ணெயே சரி. பூட்டுத் துளையிலும் சைக்கிள் சங்கிலியிலும் பூசினால் மண் ஒட்டி இறுகும். ஜெல்லி ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், உடலில் தாராளமாகப் பூசிக்கொண்டவர்கள் அடுப்பு, அகல்விளக்கு அருகே கவனமாக இருக்க வேண்டும். துணியில் படிந்த கறையைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு நீக்கலாம்.

வாங்குதலும் வைத்தலும்

தோலுக்கு வாங்கும்போது டப்பாவின் மீது இந்திய மருந்தியல் தரத்தைக் குறிக்கும் 'ஐ.பி.' என்ற எழுத்துகள் உள்ளனவா எனப் பார்க்கவும். ஒவ்வாமை உள்ளவர்கள் மணம் சேர்க்காததையே வாங்குவது நல்லது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தொழிற்சாலைத் தர ஜெல்லி பேட்டரிக்கும் இரும்புக்கும் மட்டுமே உரியது. தோலில் பூசும் அளவுக்கு அது தூய்மைப்படுத்தப்படுவதில்லை. வீட்டில் இரண்டும் இருந்தால், தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி, தனித்தனி இடத்தில் வைக்க வேண்டும். புண்ணில் தடவ எடுக்கும்போது விரலை உள்ளே விடாமல் சுத்தமான கரண்டியால் எடுப்பது நலம்.