பெரிய சென்ஸாரா, நல்ல லென்ஸா?

கைப்பேசியிலேயே படம் எடுத்துவிடும் இந்தக் காலத்திலும், வீட்டில் ஒரு நல்ல கேமரா இருக்க வேண்டும் என்ற ஆசை நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறது. கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "ஃபுல் ஃபிரேமா, கிராப் சென்ஸாரா?" என்பதுதான். இதற்கு விடை தெரியாமல் பெரும் பணத்தைச் செலவழிக்க இருந்தவன் நான். என் அனுபவம் பிறருக்குப் பயன்படலாம் என்றே இதை எழுதுகிறேன்.

என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தன்று, ஃபிளாஷ் போடக்கூடாது என்று குரு சொல்லிவிட்டார். என்னிடம் இருந்தது கிராப் சென்ஸார் கேமராவும் அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸும். வீட்டுக்கு வந்து பார்த்தால் முகம் தெரிகிறது, முத்திரை பிடித்த கை வெறும் புகையாக இருக்கிறது. மற்றப் படங்களில் மணலைத் தூவினாற்போல் புள்ளிகள். "அப்பா, ஒரு படமாவது தெளிவா வரலையா?" என்று மகள் கேட்டாள். நான் கேமராவைப் பழித்தேன். ஃபுல் ஃபிரேம் வாங்கத் தவணை முறையையும் விசாரித்துவிட்டேன்.

வித்தியாசம் என்ன?

1925-ல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்த நாளிலிருந்து பரவிய ஃபிலிம் அளவு 36×24 மி.மீ. அதே அளவுள்ள சென்ஸார்தான் ஃபுல் ஃபிரேம். பெரிய சென்ஸார் செய்வது கடினம். ஒரு சிலிக்கன் தகட்டில் சில சென்ஸார்களே தேறும். சிறு குறை இருந்தாலும் முழுவதும் வீண். அதனால் 1999-ல் வந்த நிக்கான் டி1 சிறிய சென்ஸாரோடு வந்தது. 2002-ல் கேனான் 1டிஎஸ் ஃபுல் ஃபிரேமில் வந்தபோது விலை எட்டாயிரம் டாலர் அளவில் இருந்தது. இன்று விலை இறங்கியிருந்தாலும் இடைவெளி நீங்கவில்லை.

கிராப் சென்ஸார் சுமார் 23.5×15.6 மி.மீ.; கேனானில் இன்னும் சற்றுச் சிறியது. பரப்பைக் கணக்கிட்டால் ஃபுல் ஃபிரேம் ஏறத்தாழ 2.3 மடங்கு பெரிது. மழையில் வாயகன்ற அண்டாவையும் சிறு குடத்தையும் வைத்தால் அண்டாவில்தானே தண்ணீர் அதிகம் சேரும்? ஒளியும் அப்படியே. சேர்ந்த ஒளி குறைந்தால் படத்தில் புள்ளி தோன்றும்.

அப்படியானால் ஃபுல் ஃபிரேம்தானே சிறந்தது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மழையின் வேகத்தை நிர்ணயிப்பது லென்ஸ். என் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் அதைப்போல் 9 மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடுகிறது. சென்ஸாரால் கிடைப்பது 2.3 மடங்கு, லென்ஸால் 9 மடங்கு! அந்த லென்ஸின் விலையோ, ஃபுல் ஃபிரேம் கேமராவின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

சோதித்துப் பார்த்தேன்

நம்பிக்கை வராமல், நவராத்திரியில் மகள் கோவிலில் ஆடியபோது ஒரு ஃபுல் ஃபிரேம் கேமராவை ஒருநாள் வாடகைக்கு எடுத்தேன். அதோடு வந்த லென்ஸும் 5.6-க்கு மேல் திறக்காதது. கை அசைவு உறைய 1/250 நொடி வைத்ததும் ஐ.எஸ்.ஓ. 12800-க்குப் போயிற்று. என் பழைய கேமராவில் நண்பரின் எஃப் 1.8 லென்ஸை மாட்டினேன். அதே வேகத்துக்கு 1250 போதுமாக இருந்தது. முத்திரையில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இப்படித் திறந்து வைத்தால் இருவர் முன்னும் பின்னுமாக நிற்கும்போது ஒருவர் முகம் மங்கிவிடும்.

எதற்கு எது?

ரங்கனதிட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்குக் கிராப்பே லாபம். 300 மி.மீ. லென்ஸ் அதில் 450 மி.மீ. போலக் காட்டும். லென்ஸ் நீளுவதில்லை, ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, அவ்வளவே. ஆனால் 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃபிரேம் படத்தை அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 10 மெகாபிக்ஸல். லால்பாக் மலர்க் கண்காட்சி போன்ற பகல் வெளிச்சப் படங்களில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

சிறிய ஃபிளாட்டில் கொலுப்படி முழுவதும் படத்தில் விழவேண்டும் என்றால் 50 மி.மீ. லென்ஸ் கிராப்பில் உதவாது, சுவரோடு ஒட்டி நின்றாலும் போதாது. அதற்கு அந்த 18-55 லென்ஸே சரி. மங்கிய மண்டபங்களில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்களுக்கு, நல்ல லென்ஸோடு சேர்ந்த ஃபுல் ஃபிரேம் நிச்சயம் தகும். கிராப்புக்கென்று செய்த லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேமில் முழுப் பயன் தரா. சில பொருந்தவே பொருந்தா. ஆகவே மாறும் எண்ணம் உள்ளவர்கள் லென்ஸை யோசித்து வாங்க வேண்டும்.

நம் பெங்களூரில் வாழ்ந்து 2017-ல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள், டிஜிட்டல் வருவதற்கு முன்பே ஃபிலிமில் காட்டுயிர்களைப் படம் பிடித்துப் பெயர் பெற்றவர். கருவியைவிட, வெளிச்சத்தைப் பார்க்கும் கண்ணும் பொறுமையும் பெரியவை என்பதற்கு அவரே சான்று.

நான் தவணையில் எதுவும் வாங்கவில்லை. ஒரு லென்ஸ் மட்டும் வாங்கினேன். நவராத்திரிப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அரங்கேற்றப் படம்தான் இல்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு முன்பாக ஒருநாள், அதே மண்டபத்தில், அதே விளக்கில் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். எது தேவை என்பது அப்போது தெரிந்துவிடும்.