கொலு பொம்மைகளுக்கு வண்ணமும் தூரிகையும் தேர்ந்தெடுத்தல்

நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் சிறிய உருவ பொம்மைகளுக்குப் புதிதாக வண்ணம் தீட்டவும், மங்கியவற்றுக்கு மீண்டும் தீட்டவும் ஏற்ற வண்ணங்களையும் தூரிகைகளையும் எப்படித் தெரிவு செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்நாட்டில் சென்னைக் கொசப்பேட்டை, காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்கள் பொம்மைத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. பெரும்பாலான வீடுகளுக்கு இத்தகைய ஊர்களில் தீட்டி முடித்த பொம்மைகளே வருகின்றன. வண்ணம் பூசாத மண் பொம்மையை வாங்கி வீட்டிலேயே தீட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. பாட்டி காலத்துச் செட்டியார் பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூக்கில் வண்ணம் உதிர்ந்திருப்பதைக் கண்டு கடைக்கு ஓடுபவர்கள் அதைவிட அதிகம்.

கடையில்தான் குழப்பம் தொடங்குகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற புறநகர்களில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய எழுதுபொருள் கடைக்குப் போனால் போஸ்டர் கலர், அக்ரிலிக், ஃபேப்ரிக் பெயிண்ட் மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கும். நாலு கடை தள்ளி ஹார்டுவேர் கடையில் எனாமல் டப்பா இருக்கும். நான்கிலும் சிவப்பு சிவப்பாகவே தெரியும். வேறுபாடு பொம்மையின் மேல் ஏறிய பிறகு, சில வேளை அடுத்த ஆண்டு பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரிய வரும். எனவே எந்த வண்ணம் நல்லது என்று கேட்பதற்கு முன், பொம்மை எதனால் ஆனது, அதன் மேல் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்ற இரண்டையும் அறிந்துகொள்ள வேண்டும்.

பொம்மையின் உடல்

கொலு பொம்மைகள் பெரும்பாலும் சுட்ட களிமண், காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகியவற்றால் ஆனவை. மூன்றுமே நீரை உறிஞ்சுபவை. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே துளைகளின் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால்தான். காகிதக்கூழ் எடை குறைந்தது, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஆனால் ஈரம் பட்டால் உப்பும். அதன் மேல் நீர்த்த வண்ணத்தை ஊற்றிப் பூசக் கூடாது. செம்மரத்தில் செய்த மரப்பாச்சி இந்தக் கணக்கில் சேராது. அதற்கு வண்ணமே தேவையில்லை. துணி உடுத்தி நகை போட்டால் போதும். அதற்கு எனாமல் அடித்து வைப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பழைய பொம்மையானால் ஒரு சிறு சோதனை செய்யலாம். காது குடையும் பஞ்சுக்குச்சியை நீரில் நனைத்துப் பிழிந்து, பொம்மையின் அடிப்பக்கத்தில் மறைவான இடத்தில் மெல்லத் தேய்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் அது பசையில் குழைத்த நீர் வண்ணம். அதன் மேல் ஈரத் தூரிகை பட்டாலே பழைய நிறம் கரைந்து புதியதோடு கலந்துவிடும். நிறம் ஏறாமல், மேற்பரப்பு பளபளப்பாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் எனாமல் அல்லது வார்னிஷ் பூசியிருப்பார்கள். அதன் மேல் அக்ரிலிக் நேராகப் பூசினால் பிடிப்பில்லாமல் தோல் போல உரிந்து வரும். நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, வழுவழுப்பைப் போக்கிய பின்னரே பூச வேண்டும். நீரில் நனைப்பது ஏன் என்பது ஈயம் பற்றிய பகுதியில் வருகிறது.

நல்ல நிலையில் உள்ள மிகப் பழைய பொம்மையை உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டி அப்படியே வைப்பதே மேல். மங்கிய நிறம் ஒரு குறையாகத் தோன்றலாம். ஆனால் புதுப் பூச்சின் கீழ் பழைய முகம் மறைந்துவிட்டால் அதை மீட்க வழியில்லை.

வண்ணத்தின் உள்ளே இருப்பவை

எந்த வண்ணத்திலும் மூன்று பொருள்கள் உண்டு: நிறத்தைத் தரும் நிறமித் தூள், அதைப் பரப்போடு பிடித்துவைக்கும் பிசின், இரண்டையும் ஓடவைத்துப் பின் ஆவியாகிப் போகும் நீர்மம். சிவப்பின் அழகு நிறமியில் இருக்கலாம், ஆயுள் பிசினில்தான் இருக்கிறது.

போஸ்டர் கலரில் பிசின் நீரில் கரையும் கோந்து வகை. உலர்ந்த பிறகும் நீர் பட்டால் மீண்டும் கரையும். வியர்த்த விரல் பட்டாலே கறை படியும். இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கிளப்பிவிடும். நிறம் சேர்த்துப் பழகுவதற்கு அது மிக நல்லது, விலையும் குறைவு. பொம்மையில் நிலைக்க வேண்டுமானால் மேலே வார்னிஷ் கட்டாயம். அதையும் தூரிகையால் பூசினால் கண்ணும் புருவமும் இழுபட வாய்ப்புண்டு. ஆகவே தெளிப்பான் வகையே ஏற்றது.

அக்ரிலிக் வண்ணத்தில் நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள் பிசினாக உள்ளன. நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. அந்தப் படலம் மீண்டும் நீரில் கரையாது. மெல்லிய பூச்சு 15 அல்லது 20 நிமிடத்தில் உலர்ந்துவிடும். மண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மை இரண்டுக்கும் வீட்டில் பயன்படுத்த இதுவே முதல் தெரிவு. உலகெங்கும் விரலளவு போர்வீரர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டும் பொழுதுபோக்காளர்களில் பெரும்பாலோரும் இன்று அக்ரிலிக்கைத்தான் பயன்படுத்துகின்றனர். அவர்கள் வாங்கும் ஸ்பெயின் நாட்டு வயெஹோ, இங்கிலாந்தின் சிடடெல் போன்றவை நிறமி மிகுந்தவை, விலையும் மிகுந்தவை. கொலு பொம்மைக்குக் கேமல், ஃபெவிக்ரில் போன்ற உள்ளூர்ப் புட்டிகளே போதும். 15 மில்லி புட்டி ஒன்றில் சிறு பொம்மைகள் பலவற்றை முடித்துவிடலாம்.

ஃபேப்ரிக் பெயிண்டும் அக்ரிலிக் குடும்பம்தான். ஆனால் துணியோடு மடங்க வேண்டும் என்பதற்காக அதன் பிசினை மென்மையாகச் செய்திருப்பார்கள். ஈரக்காற்றில் அது சற்று ஒட்டும் தன்மையோடு இருக்கும். செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தால் அடுத்த ஆண்டு அம்மனின் முந்தானையில் அச்செழுத்தைப் படிக்கலாம்.

எனாமல் கடினமானது, மின்னும், துடைத்தால் போகாது. ஆனால் உலர ஓர் இரவு ஆகும், டர்பன்டைன் நெடி வீட்டை நிறைக்கும், வெள்ளை நாளடைவில் மஞ்சளிக்கும். மண் பொம்மையைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. அடிப்பக்கம் பூசாமல் விட்ட பொம்மை ஈரத்தரையிலிருந்து நீரை உறிஞ்சும். எனாமல் படலம் அந்த ஈரத்தை எளிதில் வெளியே விடாது. கொப்புளம் கிளம்பிப் பொருக்காக உதிர்வது இதனால்தான்.

பொன் நிறத்தை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். தூளாக விற்கும் பொன்பொடி பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகப் பொடி. காற்றும் ஈரமும் பட்டு அது கறுக்கும், சில இடங்களில் பச்சை பிடிக்கும். அபிரகத் துகளின் மேல் நிறம் ஏற்றிச் செய்த அக்ரிலிக் பொன்வண்ணம் அவ்வாறு கறுப்பதில்லை.

வெள்ளைத் தளம்

மஞ்சளும் சிவப்பும் மூடும் திறன் குறைந்தவை. சுட்ட மண்ணின் செந்நிறத்தின் மேல் நேராக மஞ்சள் பூசினால் மூன்று பூச்சுக்குப் பிறகும் அழுக்கு மஞ்சளாகவே தெரியும். அதனால் முதலில் வெள்ளை அடிப்பது மரபு. சாக்குத் தூளைப் புளியங்கொட்டைப் பசையிலோ வச்சிரப் பசையிலோ குழைத்துப் பூசுவது பழைய முறை. இப்போது நீரில் கரையும் சுவர் பிரைமரைச் சற்று நீர்த்துப் பூசினாலும் அதே பயன் கிடைக்கும். துளைகளும் அடைபடும், மேல் வண்ணமும் குறைவாகச் செலவாகும்.

மாணவர்களுக்கு இதில் ஓர் இயற்பியல் பாடம் இருக்கிறது. சாக்குத் தூளைப் பசையில் குழைத்தால் வெள்ளையாகத் தெரியும், எண்ணெயில் குழைத்தால் ஏறத்தாழ நிறமற்றுப் போகும். சாக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, எண்ணெயினுடையது சுமார் 1.5. இரண்டும் நெருங்கியிருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவிச் செல்கிறது. நீர்ப்பசை உலர்ந்ததும் துகள்களுக்கு இடையே காற்று புகுந்துகொள்கிறது. காற்றின் எண் 1 என்பதால் ஒளி நன்றாகச் சிதறி வெண்மை தெரிகிறது. புட்டியில் வரும் வெள்ளை வண்ணத்தில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடின் எண் 2.5க்கும் மேல். அதனால் அது எந்தப் பிசினிலும் மூடும்.

ஈயம்

பழைய வண்ணங்களில் மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டும், செம்மஞ்சளுக்கு ஈயச் செந்தூரமும் பரவலாகப் பயன்பட்டன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டு வண்ணங்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா வீட்டில் கிடந்தால் பொம்மைக்குப் பயன்படுத்த வேண்டாம். பழைய பொம்மையை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். பறக்கும் தூசிதான் உடலுக்குள் போகிறது. நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் சிறு குழந்தைகள் பக்கத்தில் இருக்கலாகாது.

தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்தது. ஓவிய வகுப்பில் எந்தப் பிள்ளையும் கற்றுக்கொடுக்காமலே இதைச் செய்யும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1917 முதல் கடிகார முகப்புகளில் ஒளிரும் ரேடிய வண்ணம் தீட்டிய இளம்பெண்களுக்கு அப்படிச் செய்யுமாறு தொழிற்சாலையிலேயே சொல்லித் தந்தார்கள். பலருக்குத் தாடையெலும்பு அழுகியது, பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் உடன்பாட்டில் முடிந்தது. நம் புட்டியில் ரேடியம் இல்லைதான். ஆனாலும் முனையைக் கூராக்க ஈரத்துணி இருக்கும்போது உதடு எதற்கு?

தூரிகை

தூரிகையில் எண் ஏற ஏறப் பருமன் ஏறும். 0, 00, 000 என்பவை மிக மெல்லியவை. எல்லா நிறுவனங்களின் எண்களும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. சிறு பொம்மை என்றதும் 000 வாங்குவது பலரின் வழக்கம். அவ்வளவு மெல்லிய தூரிகை வண்ணத்தை ஏந்தாது, பரப்பைத் தொடுவதற்குள் முனை உலர்ந்துவிடும். நல்ல உருண்டைத் தூரிகையின் வயிறு பருத்து வண்ணத்தைத் தேக்கி வைக்கும், நுனி மட்டும் ஊசியாக இருக்கும். நுனி சரியாக இருந்தால் 2ஆம் எண் தூரிகையாலேயே புடவைக் கரை போடலாம். நாலைந்து அங்குலப் பொம்மைக்கு வெள்ளைத் தளம் பூச 6ஆம் எண் தட்டைத் தூரிகை, உடைக்கு 2ஆம் எண் உருண்டை, நகைக்கும் கண்ணுக்கும் 0 என மூன்று போதும்.

புதுத் தூரிகையின் முனையில் பசை தடவிக் கூராக்கி வைத்திருப்பார்கள். அதை நம்பி வாங்கக் கூடாது. கடைக்காரரிடம் கொஞ்சம் நீர் கேட்டு, பசையைக் கரைத்து, ஒரு முறை உதறிப் பார்க்க வேண்டும். உதறியதும் மயிர்கள் ஒரே கூராகச் சேர்ந்தால் வாங்கலாம். இரண்டாகப் பிளந்தால் வைத்துவிடலாம்.

மயிர் வகையில், அணில் முடி மிக மென்மையானது. நீர்வண்ணத்துக்கு ஏற்றது, கெட்டியான அக்ரிலிக்கைத் தள்ள அதற்கு வலுவில்லை. சைபீரிய மரநாய் வகையொன்றின் வால் முடியில் செய்யும் கோலின்ஸ்கி தூரிகை புகழ் பெற்றது. ஆனால் அக்ரிலிக் வேரில் உலர்ந்தால் அந்த விலையும் வீணாகும். செயற்கை நைலான் இழைத் தூரிகை அக்ரிலிக்குக்குப் பொருத்தமானது, மலிவானது. அதன் நுனி சில மாதங்களில் வளைந்துவிடும் என்பதே குறை.

கீரி முடித் தூரிகையை மட்டும் வாங்கவே கூடாது. துள்ளலும் கூர்மையும் கொண்டது என்று ஓவியர்கள் ஒரு காலத்தில் அதை விரும்பினார்கள். முடிக்காகக் கீரிகள் கொல்லப்படுகின்றன. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதன் முடியிலான தூரிகையை விற்பது குற்றம். 2019இல் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு பல ஊர்களில் சோதனை நடத்தி இத்தகைய தூரிகைகளைக் கைப்பற்றியது. அடிப்பகுதி வெளிறியும் நடுவில் கரும்பழுப்பும் நுனியில் வெளிர் நிறமுமாகப் பட்டை பட்டையாக உள்ள இயற்கை மயிராக இருந்தால் ஐயம் கொள்ளலாம்.

வேலை செய்யும்போது தூரிகையை நீர்க்குவளையில் நிற்கவைத்தால் நுனி மடங்கும், கைப்பிடி ஊறி உலோக வளையம் தளரும். அதைப் படுக்க வைக்க வேண்டும். முடிந்ததும் சோப்பில் கழுவி, விரலால் கூராக்கி உலர்த்த வேண்டும். வளையத்துக்குள் அக்ரிலிக் ஏறிக் காய்ந்தால் அந்தத் தூரிகை அதன் பின் தூசி தட்டத்தான் உதவும்.

கண்

உடல், உடை, நகை எல்லாம் முடிந்த பிறகே கண்ணைத் தீட்டுவது வழக்கம். இரண்டு அங்குலப் பொம்மையின் கண் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கருப்பை மை போல ஓடும் அளவுக்கு நீர்த்து, 0 தூரிகையில் எடுத்து, பழைய தாளில் ஒரு கோடு இழுத்து மிகையை நீக்க வேண்டும். முதலில் மேலிமைக் கோடுகள் இரண்டையும் போட்டு, பிறகு இரு கருவிழிகளையும் அடுத்தடுத்து வைத்தால் பார்வை ஒரே பக்கம் அமையும். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் மாறுகண் வருவது உறுதி. பிசகினால் உடனே ஈரப் பஞ்சுக்குச்சியால் எடுத்துவிடலாம், கீழுள்ள அக்ரிலிக் கரையாது.

புரட்டாசிக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால், தீட்டிய பொம்மையை இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, அதன் பிறகு மங்கல் வகை வார்னிஷ் ஒரு பூச்சு மெல்லியதாகப் பூச வேண்டும். அடிப்பக்கத்தையும் விடாமல் பூச வேண்டும். கொலு முடிந்து எடுத்து வைக்கும்போது செய்தித்தாளைவிடப் பழைய வேட்டித் துணி நல்லது.