படம் கேட்ட இடத்தில் வந்த நிரல்



கல்லூரியில் இடம் வேண்டி விண்ணப்பிக்கும் மாணவர் தம் புகைப்படத்தை இணையதளத்தில் பதிவேற்றுகிறார். மறுகணமே, கோப்பு போய்ச் சேர்ந்ததென்று திரையில் எழுத்துத் தோன்றுகிறது. எங்கே போய்ச் சேர்ந்தது, அங்கே அதனை யார் கையாளுகிறார்கள் என்பதை நானும் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை.

அது சென்று சேருமிடம் வழங்கி எனப்படும் கணினி. அதற்கு இருவகைக் குணம் உண்டு. யாரேனும் ஒரு படத்தைக் கேட்டால், அஞ்சல்காரரைப் போல, பிரித்துப் பாராமல் அப்படியே கொடுத்துவிடும். பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதிய கோப்பைக் கேட்டாலோ, அதனைக் கொடுப்பதில்லை. அதிலுள்ள கட்டளைகளைத் தானே நிறைவேற்றி, விளைவை மட்டும் அனுப்பும். பெரும்பாலும் கோப்பின் பெயர் எவ்வாறு முடிகிறது என்பதைக் கொண்டே இவ்வேறுபாட்டை அது அறிகிறது. ஆகவே, புகைப்படம் கேட்ட இடத்தில் அயலான் ஒருவன் நிரலைப் பதிவேற்றி, பின்னர் அதன் முகவரியை உலாவியில் தட்டினால் போதும். வழங்கி அவன் சொற்படி நடக்கத் தொடங்கிவிடும். விண்ணப்பித்த மாணவர் அத்தனை பேரின் விவரங்களும் அவன் கைக்குப் போய்விடலாம்.

இதனைத் தடுக்கவேண்டிய பொறுப்பு, பதிவேற்றத்தைக் கையாளும் செருகுநிரலுடையது. தளம் அமைப்போர் பலரும் அதனைத் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி வெளியிட்டதை எடுத்துப் பொருத்திக்கொள்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒன்றில் உள்ள ஓட்டை, அதனைப் பொருத்திய எல்லா வீட்டிலும் ஓட்டையாகிவிடுகிறது.

‘ஜேகுவெரி ஃபைல் அப்லோட்’ என்பது அத்தகைய செருகுநிரல்களில் பெரும்புகழ் பெற்றது. அதனை எழுதியவர் கவனமற்றவர் அல்லர். எவ்வகைக் கோப்பும் உள்ளே வரட்டும் என்று விட்டாலும், கோப்புகள் தங்கும் கோப்புறையில் ஒரு குறிப்புக் கோப்பை வைத்திருந்தார். ‘இங்குள்ளதை எடுத்துக் கொடு; இயக்காதே’ என்பது அக்குறிப்பின் சாரம். அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருள் அதனைப் படித்து அதன்படி நடந்துவந்தது.

2010ஆம் ஆண்டு வெளிவந்த அப்பாச்சி 2.3.9ஆம் பதிப்பில் வழக்கம் மாறியது. தள உரிமையாளர் தனியே அனுமதி அளித்தாலன்றி, கோப்புறைக் குறிப்புகளை வழங்கி இனிப் பார்க்காது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது: ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோப்புறையிலும் குறிப்பைத் தேடுவது வீண் தாமதம். குறிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, படிப்பவர்தாம் இல்லை. காவற்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்ட செய்தி வீட்டுக்காரருக்கு எட்டாத கதைதான் இது!

இக்குறையை அகமை நிறுவனத்தைச் சேர்ந்த லாரி கேஷ்டாலர் வெளியிட்டது 2018 அக்டோபரில். இடையே எட்டு ஆண்டுகள். அதற்கும் முன்பே, இவ்வழியாக உள்ளே நுழைவது எப்படி என்று விளக்கும் காணொளிகள் யூடியூபில் உலவிக்கொண்டிருந்தன என்பதுதான் எனக்குப் பெருவியப்பு.

ஆசிரியர் உடனே திருத்தினார். இயல்பாகப் படங்களை மட்டும் ஏற்குமாறு மாற்றினார். ஆனால் பிறர் எடுத்துத் தம் விருப்பப்படி மாற்றிக்கொண்ட படிகள் 7,800க்கும் மேல் இருந்தன. கேஷ்டாலர் அவற்றுள் 1,000ஐச் சோதித்தபோது, குறையற்றவை 36 மட்டுமே. அத்தனை படிகளுக்கும் திருத்தத்தைக் கொண்டுசெல்ல ஒருவரால் இயலுமா?

நீங்கள் ஒரு தளம் அமைத்தால் ஒரு சிறு சோதனை செய்யலாம். உங்கள் சொந்தத் தளத்தில் மட்டுமே. அனுமதியின்றிப் பிறர் தளத்தில் செய்வது சட்டப்படி குற்றமாகலாம். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொல்லும் ஒரு வரிப் பி.எச்.பி. நிரலை எழுதி, படம் கேட்கும் இடத்தில் பதிவேற்றுங்கள். ஏற்க மறுத்தால் நன்று. ஏற்றுக்கொண்டால், அதன் முகவரியைத் தட்டிப் பாருங்கள். திரையில் 5 என்று தோன்றினால், வேறொருவர் வருமுன் அந்தப் பதிவேற்ற வசதியை நிறுத்திவிடுங்கள்.