உள்ளே வரக் காரணம் பல
(நகரமும் கல்வியும் – 9)

பொறியியல் படித்துப் பட்டம் பெற்று, வளாகத் தேர்விலேயே கை நிறையச் சம்பளம் தரும் உத்தியோகமும் கிடைத்திருக்க, அதை உதறிவிட்டு, பெங்களூரின் ஈஜிபுராவிலோ சிவாஜிநகரிலோ ஒரு குறுகிய சந்துக்குள் நடக்கும் ஏழைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொல்லப் போகிறேன் என்று ஒரு மகனோ மகளோ வந்து நின்றால், அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். "இதுக்காகவா நாலு வருஷம் பீஸ் கட்டினேன்?" என்று தகப்பனார் கேட்பார், "ரெண்டே வருஷம்தாம்ப்பா" என்று பிள்ளை சமாதானம் சொல்லும். அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும்தான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம்.

பட்டதாரிகள் இரண்டு வருஷம் ஏழைப் பள்ளியில் பாடம் சொல்லும் இந்த ஏற்பாடு பெங்களூரில் தோன்றியதன்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் படித்த வெண்டி காப் என்ற மாணவி, 1989-ஆம் ஆண்டு தமது பட்டப்படிப்பின் முடிவில் எழுதிய ஆய்வேட்டில், தேர்ந்த பட்டதாரிகளை வசதியற்ற பள்ளிகளுக்கு ஆசிரியராக அனுப்பும் யோசனையை முன்வைத்தார்; மறு ஆண்டே அது 'டீச் ஃபார் அமெரிக்கா' என்ற அமைப்பாகச் செயலுக்கு வந்தது. கல்லூரியில் படிக்கும்போதே பம்பாயில் ஏழைக் குழந்தைகளுக்காக 'ஆகாங்க்ஷா'வைத் தொடங்கிய ஷாஹீன் மிஸ்திரி, அம்முறையை நம் நாட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டு, 'டீச் ஃபார் இந்தியா'வின் முதல் அணியை 2009-இல் மும்பை, புனே பள்ளிகளுக்கு அனுப்பினார். பெங்களூருக்கு அது வந்து சேர்ந்தது 2014-இல். இதற்குச் சற்று முன்பே, 2010-இல் கர்நாடகச் சட்டத்தின் வழியாக நிறுவப்பட்ட அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வேறொரு வாசலைத் திறந்திருந்தது. அங்கே கல்வியியலில் முதுகலை பயின்றவர்களில் பலர், யாத்கீர் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குக் களப்பணியாளராகச் செல்லத் தொடங்கினார்கள்.

இவர்கள் ஏன் வருகிறார்கள்? தியாகம் என்று சொல்லிப் பாராட்டி ஒதுங்கிக்கொள்வது சுலபம். சுயவிவரக் குறிப்பில் ஒரு வரி சேர்ப்பதற்காக வருகிறார்கள் என்று ஏளனம் செய்வது அதைவிடச் சுலபம். உண்மை இவ்விரண்டுக்கும் இடையே பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கிறது. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர் ஒருவர், தம்மைக் கைதூக்கி விட்ட ஏதோ ஓர் ஆசிரியையை நினைத்துக்கொண்டு வருகிறார். மென்பொருள் கம்பெனியில் ஒரு பெரிய யந்திரத்தின் எந்தப் பல்லைத் தாம் திருகிக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் சலித்துப்போன இன்னொருவர், தமது உழைப்பின் பலனைக் கண்ணெதிரே காண வேண்டுமென்று வருகிறார். வெளிநாட்டுச் சர்வகலாசாலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவம் மதிப்புப் பெறும் என்று கணக்கிட்டு வருபவரும் உண்டு. வாழ்க்கையில் என்ன செய்வது என்று புரியாமல், யோசிப்பதற்கு இரண்டு வருஷ அவகாசம் கிடைக்கிறதே என்று வருபவரும் உண்டு. இவர்களில் எவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓய்வூதியமும் கௌரவமும் கருதி அரசாங்க ஆசிரியர் வேலைக்கு வருபவரிடம் நாம் இவ்வளவு தூரம் அந்தரங்க சோதனை நடத்துவதில்லையே!

எந்த நோக்கத்தோடு வந்தாலும் வகுப்பறை எல்லாரையும் ஒரே விதமாகத்தான் சோதிக்கிறது. 2024-ஆம் ஆண்டின் 'அசர்' கணக்கெடுப்பில், நம் நாட்டுக் கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 48.8 சதவீதமே. பெங்களூர் அந்தக் கணக்கில் சேராது; ஆனால் இங்கே பாஷையின் சிக்கல் கூடுதலாக வந்து சேர்கிறது. வீட்டில் தமிழோ உருதுவோ தெலுங்கோ, தெருவில் கன்னடம், பாடப்புத்தகத்தில் இங்கிலீஷ். வந்திருக்கும் புதிய ஆசிரியருக்கோ ஹிந்திதான் சரளமாக வரும். தொகையீட்டுக் கணக்குகளை விளையாட்டாகப் போட்டுத் தேறிய பொறியியல் பட்டதாரி, நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கையில் பக்கத்து இலக்கத்திடம் ஏன் 'கடன்' வாங்குகிறோம், வாங்கிய கடனை ஏன் திருப்பித் தருவதில்லை என்று ஒரு பத்து வயதுச் சிறுமி கேட்கும்போது திகைத்து நிற்கிறார். தமக்குத் தெரிந்ததை மற்றொருவருக்குத் தெரியச் செய்வது தனியொரு வித்தை என்ற ஞானம் அந்தத் திகைப்பிலிருந்துதான் பிறக்கிறது.

சேவை செய்யும் உற்சாகம் சில மாதங்களில் தேய்ந்துவிடும்; அது மனித சுபாவம். ஒரு குழந்தையின் மனம் எங்கே இடறுகிறது, எந்த உதாரணத்தில் மீண்டும் எழுந்து நடக்கிறது என்று கண்டுபிடிப்பதில் புத்திக்கு ஒரு ருசி ஏற்பட்டுவிட்டால், அந்த ருசி லேசில் விடுவதில்லை. ஆகவே, உள்ளே வருவதற்குக் காரணம் பலவாக இருக்கலாம். தங்கிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இது ஒன்றே என்பது என் அபிப்பிராயம்.

அப்படித் தங்கிய ஒருவரின் கதை பெங்களூருக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. யுத்த காலத்தில் இந்தியாவுக்கு வந்து, பின்னர் ரிஷிவாலிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர், 1972-இல் கோலார் மாவட்டத்து ராயல்பாடு அருகே கிராமத்துக் குழந்தைகளுக்காக 'நீல் பாக்' என்ற சிறு பள்ளியை ஏற்படுத்தி, 1984-இல் மறையும் வரை அதிலேயே உழைத்தார். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து, அவரவர் வேகத்தில், போட்டியும் தண்டனையும் இன்றிப் படித்த அந்தப் பள்ளியில், இளம் ஆசிரியர்களும் வருஷக்கணக்கில் உடனிருந்து பயின்றார்கள். நீல் பாகின் தாக்கம் மதனப்பள்ளி அருகே ரிஷிவாலியின் கிராமப் பள்ளிகளில் படிந்தது. ரிஷிவாலியைப் பார்த்துத் திரும்பிய அரசு ஆசிரியர்கள், மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டையில் 1995-இல் 'நலி கலி' முறையை உருவாக்கினார்கள். பிற்பாடு கர்நாடகத்து அரசுப் பள்ளிகளின் ஆரம்ப வகுப்புகளெங்கும் அது பரவிற்று. அதே ரிஷிவாலி ஊற்றிலிருந்துதான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழகம் முழுவதையும் எட்டியது. அட்டைகளை எடுத்துவைத்துத் தரையில் வட்டமாக அமர்ந்து படித்த நம் குழந்தைகள் அத்தனை பேரும், ஒரு வகையில், அந்தக் கோலார் பள்ளிக்குக் கடன்பட்டவர்கள். இரண்டு வருஷத்தில் மூட்டை கட்டியிருந்தால் இவ்வளவு தூரம் ஒரு யோசனை நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

இளைஞர்களின் மனத்தைத் துருவிப் பார்ப்பதை விட்டுவிட்டு, தங்க விரும்புகிறவருக்கு நாம் என்ன இடம் வைத்திருக்கிறோம் என்று கேட்பதே உசிதம். அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் பி.எட். போன்ற பயிற்சிப் பட்டமும் தகுதித் தேர்வும் அவசியம், அது நியாயமே. ஆனால் அவ்விரண்டையும் முறையாக முடித்த ஆயிரக்கணக்கானவர்கள், கர்நாடகத்தில் 'அதிதி சிக்ஷகர்' (விருந்தாளி ஆசிரியர்) என்ற பெயரில், மாதம் பத்தாயிரம் ரூபாயையொட்டிய மதிப்பூதியத்துக்கு, ஒரு கல்வியாண்டுக்கு மட்டும் அமர்த்தப்பட்டு வந்திருக்கிறார்கள். பெரிய நிறுவனத்தை விட்டு இரண்டு வருஷத்துக்கு வருபவரைப் பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடுகின்றன. பத்து வருஷமாக அதே வேலையைச் செய்யும் விருந்தாளி ஆசிரியரின் பெயர் பள்ளிக்கு வெளியே எவருக்கும் தெரியாது. ஏழைப் பள்ளியில் கற்பிப்பது தியாகமாகவே நீடிக்கும் வரை, தியாகிகள் வந்து போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அது சோறு போடும் தொழிலாகவும், புத்திக்கு வேலை தரும் தொழிலாகவும் ஆகிற அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு நிலையான ஆசிரியர்கள் கிடைப்பார்கள்.

அந்த அதிதி சிக்ஷகர்கள் எப்படி நியமிக்கப்படுகிறார்கள், விடுமுறை மாதங்களில் எதைக் கொண்டு ஜீவிக்கிறார்கள், அவ்வளவுக்கும் பிறகு ஏன் மறுபடியும் ஜூன் மாதத்தில் பள்ளி வாசலுக்கு வருகிறார்கள் என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)