பேய் கேமுக்கு அட்டைப்படம்: கட்டைவிரல் அளவில் பயமுறுத்துவது எப்படி?

சேலத்திலோ நாமக்கல்லிலோ வீட்டில் இருந்தபடியே திகில் கேம் உருவாக்குகிறீர்களா? ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்குக் கட்டணம் 100 டாலர். ஆனால், மாதக்கணக்கான உழைப்பை யாராவது திறந்து பார்ப்பார்களா என்பது அட்டைப்படத்தின் கையில்.

1935-ல் தொடங்கிய சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் படங்களுக்குச் சுவர் நிறைய போஸ்டர் ஒட்டலாம். ஸ்டீமின் சிறிய அட்டையோ 462×174 பிக்சல். சில இடங்களில் 120×45 ஆகவும் சுருங்கும்.

* ஒரே உருவம் போதும். பேய், பங்களா, ஹீரோ எல்லாத்தையும் திணிச்சா எதுவுமே தெரியாது.
* ஸ்டீமின் பின்னணியே இருட்டு. முழுக்கக் கறுப்பான படம் அதில் கரைந்துவிடும். ஓரிடத்திலாவது வெளிச்சம் வேண்டும்.
* பேயைப் பாதி மறையுங்கள். மீதியை மனசே வரைந்துகொள்ளும்.
* ரத்தம் சொட்டும் எழுத்து, சுருங்கினால் வெறும் கறை. பெயர் படிக்கும்படி இருக்கட்டும்.
* விருது, விமர்சன வரி, தள்ளுபடி அறிவிப்பு கூடாது; 2022 செப்டம்பர் முதல் ஸ்டீமின் விதி இது.

கடைசியாக, படத்தை மொபைலில் சுருக்கி நண்பரிடம் ஒரு நொடி மட்டும் காட்டுங்கள். "பேய் கேமா?"ன்னு கேட்டா, பாஸ்!