சவுக்கு ஏந்திய ராணி! ரசிகர்கள் மறக்காத நாடியா

முகத்தில் முகமூடி. காலில் நீண்ட பூட்ஸ். கையில் சவுக்கு. குதிரை மீது ஒரு பெண் பாய்ந்து வருகிறாள். "ஹே...ய்!" என்று ஒரு கூச்சல் போடுகிறாள். ஏழைகளைக் கொடுமைப்படுத்திய முரடர்கள் நாலா பக்கமும் சிதறி ஓடுகிறார்கள்.

1935-ம் ஆண்டில் பம்பாயில் வெளிவந்த "ஹண்டர்வாலி" படத்தின் கதாநாயகி இவள்தான். இந்தியில் "ஹண்டர்" என்றால் சவுக்கு. "ஹண்டர்வாலி" என்றால் சவுக்குக்காரி.

அந்தச் சவுக்குக்காரியாக நடித்தவர் நாடியா. "பயம் அறியாத நாடியா" என்று ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

58 ஆண்டுகள் கழித்து, 1993-ம் ஆண்டில் அவரைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி படம் வெளிவந்தது. சினிமா உலகம் மறந்து இருந்த ஒரு நட்சத்திரத்தை அந்தப் படம் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. ஆனால் ரசிகர்கள் அவரை ஒரு நாளும் மறக்கவில்லை!

சிப்பாயின் மகள்

நாடியாவின் உண்மைப் பெயர் மேரி ஆன் எவான்ஸ். 1908-ம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ந் தேதி ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகரில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்தவர். தாய் கிரேக்க நாட்டுப் பெண்மணி.

மேரி சிறுமியாக இருக்கும்பொழுதே குடும்பம் பம்பாய்க்கு வந்தது. சில ஆண்டுகளில் முதலாவது உலகப் போர் மூண்டது. போருக்குப் போன தந்தை திரும்பி வரவில்லை. போர்க்களத்தில் உயிர் இழந்தார்.

பிறகு மேரியும் தாயும் பெஷாவருக்குப் போனார்கள். இன்று பாகிஸ்தானில் இருக்கும் அந்த ஊர் அன்று எல்லைப்புறப் பட்டாள நகரம். அங்கேதான் மேரி குதிரை சவாரி செய்யக் கற்றார். துப்பாக்கி சுடவும், வேட்டை ஆடவும், மீன் பிடிக்கவும் பழகினார். பிற்காலத்தில் கை கொடுத்தது இந்தப் படிப்புதான்.

1928-ம் ஆண்டில் மீண்டும் பம்பாய். கையில் காசு இல்லை. பிழைக்க வழி தேட வேண்டிய நிலைமை. மேரி ஒரு பெரிய கடையில் சாமான் விற்கும் பெண்ணாக வேலை பார்த்தார். சுருக்கெழுத்தும் டைப்பும் கற்றுக்கொண்டு ஆபீஸ் வேலைக்குப் போகலாமா என்றும் நினைத்தார். அதன் பிறகு ரஷிய நாட்டு ஆசிரியை ஒருவரிடம் நடனம் பயின்றார். அவருடைய கோஷ்டியோடு ஊர் ஊராகச் சென்று ஆடினார். 1930-ம் ஆண்டில் ஒரு சர்க்கஸ் கம்பெனியிலும் சேர்ந்தார்.

ஜோசியம் சொன்ன பெயர்

"நாடியா" என்ற பெயர் வந்த கதை வேடிக்கையானது.

ஆர்மீனிய நாட்டு ஜோசியக்காரி ஒருத்தி மேரிக்குக் குறி சொன்னாள். ஆங்கிலத்தில் "என்" என்ற எழுத்தில் தொடங்கும் பெயரை வைத்துக்கொண்டால் புகழ் வரும் என்றாள். மேரி "நாடியா" என்ற பெயரைத் தேர்ந்து எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் பம்பாயில் "வாடியா மூவிடோன்" என்ற படக் கம்பெனி இருந்தது. 1933-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட கம்பெனி. அதை நடத்தியவர்கள் ஜே.பி.எச். வாடியா, ஹோமி வாடியா என்ற பார்சி சகோதரர்கள். அண்ணன் சட்டம் படித்தவர். கதை எழுதுவதில் கெட்டிக்காரர். தம்பி ஹோமி சண்டைப் படங்களை டைரக்ட் செய்வதில் சூரர்.

லாகூரில் சினிமா கொட்டகை வைத்து இருந்த ஒருவர், நாடியாவை அண்ணன் வாடியாவிடம் அறிமுகம் செய்து வைத்தார்.

நாடியாவுக்கு நீலக் கண்கள். பொன் நிறக் கூந்தல். வாட்டசாட்டமான உடல். இந்தி சரியாகப் பேச வராது. "நந்தா தேவி" என்று பெயரை மாற்றி, கறுப்புச் சடை வைத்து நடிக்கும்படி வாடியா யோசனை சொன்னார். நாடியா ஒப்புக்கொள்ளவில்லை. தான் தேவி அல்ல என்று சொல்லிவிட்டார். வாடியா என்ற பெயருக்கு நாடியா என்பது எதுகையாக இருக்கிறதே என்றும் வாதாடினார்.

வந்த இடத்தில் முதலாளியிடமே துணிச்சலாகப் பேசிய அந்தப் பெண்ணை வாடியாவுக்குப் பிடித்துவிட்டது. முதலில் சிறு வேடங்கள் கொடுத்தார். பிறகு அவருக்காகவே ஒரு கதை தயார் ஆனது. அதுதான் "ஹண்டர்வாலி".

வாங்க ஆள் இல்லை

கொடிய மந்திரி ஒருவன் அரசரைச் சிறை வைக்கிறான். அரசகுமாரி மாதுரி முகமூடி அணிந்து புறப்படுகிறாள். பணக்காரக் கொடியவர்களிடம் பறித்து, ஏழைகளுக்குக் கொடுக்கிறாள். முடிவில் மந்திரியை ஒழித்துக்கட்டித் தந்தையை மீட்கிறாள். இதுதான் கதை.

படம் முடிந்தது. ஆனால் வாங்க ஆள் வரவில்லை! "வெள்ளைக்காரப் பெண் காற்சட்டை போட்டுக்கொண்டு ஆண்களை அடிக்கிறாள், ஜனங்கள் இதைப் பார்ப்பார்களா?" என்று வினியோகஸ்தர்கள் பின் வாங்கினார்கள். வாடியா சகோதரர்கள் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு தாங்களே படத்தை வெளியிட்டார்கள்.

பம்பாய் கிராண்ட் ரோட்டில் இருந்த "சூப்பர்" தியேட்டரில் படம் திரையிடப்பட்டது. கூட்டம் அலை மோதியது. 25 வாரங்களுக்கு மேல் ஓடியது. சவுக்கு, பெல்ட் என்று கடைகளில் "ஹண்டர்வாலி" பெயரில் சாமான்கள் விற்கத் தொடங்கின. தெருவில் சிறுவர்கள் "ஹே...ய்!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

வியாபாரிகளின் கணக்கு தப்பியது. ஜனங்களின் தீர்ப்பே வென்றது.

ரயில் கூரை மீது சண்டை

அடுத்த ஆண்டே "மிஸ் பிராண்டியர் மெயில்" வந்தது. ஓடும் ரயிலின் கூரை மீது ஏறி நாடியா சண்டை போட்டார். பின்னர் "பஞ்சாப் மெயில்" (1939), "டயமண்ட் குயின்" (1940), "ஜங்கிள் பிரின்சஸ்" (1942) என்று படங்கள் வரிசையாக வந்தன.

இன்று சண்டைக் காட்சிகளில் நட்சத்திரத்துக்குப் பதிலாக வேறு ஒருவர் குதிக்கலாம். கம்பியில் கட்டித் தூக்கலாம். கம்ப்யூட்டரில் சிங்கத்தையும் உண்டாக்கலாம். அன்று அதெல்லாம் கிடையாது. கூரையில் இருந்து குதித்தவரும் நாடியாதான். முரடனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவரும் நாடியாதான். உண்மையான சிங்கங்களுக்கு நடுவே நின்று நடித்தவரும் அவரேதான்.

அவருடைய படங்களில் குதிரைக்கும் காருக்கும்கூட ரசிகர்கள் இருந்தார்கள். குதிரையின் பெயர் "பஞ்சாப் கா பேட்டா". அதாவது, பஞ்சாபின் மகன். காரின் பெயர் "ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி". ரோல்ஸ் ராய்ஸின் மகள்!

ஏன் இந்தப் பாசம்?

வெள்ளைக்காரர்கள் நாட்டை ஆண்ட காலம் அது. அப்படி இருக்க, ஒரு வெள்ளைக்காரப் பெண் மீது நம் ஜனங்களுக்கு இவ்வளவு பாசம் ஏன்?

அவர் நின்றது எந்தப் பக்கம் என்பதை ஜனங்கள் பார்த்தார்கள். படத்தில் அவர் ஏழைகளின் பக்கம் நின்றார். கொடுங்கோல் ஆட்சியை எதிர்த்தார். சர்க்கார் தணிக்கை கடுமையாக இருந்ததால் சுதந்திரத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியாது. ஜே.பி.எச். வாடியா அரசியல் ஆர்வம் மிகுந்தவர். சொல்ல வேண்டியதைக் கதைக்குள் ஒளித்து வைத்தார். கொடிய மந்திரிக்குச் சவுக்கடி விழுந்தபொழுது, அந்த அடி யாருக்கு என்று தரை டிக்கெட்டில் உட்கார்ந்து இருந்தவர்களுக்குப் புரிந்தது!

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்துப் படங்களில் கதாநாயகி பெரும்பாலும் அழுதுகொண்டு இருப்பாள். அவளைக் காப்பாற்றக் கதாநாயகன் வருவான். நாடியா படத்தில் காப்பாற்றுவது பெண். "டயமண்ட் குயின்" படத்தில் பெண்களுக்குப் படிப்பு வேண்டும், விடுதலை வேண்டும் என்று அவர் வாதாடினார். அடி உதை மட்டும் அல்ல, அறிவுரையும் இருந்தது.

பிரபல நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட் 1940-களில் பள்ளிச் சிறுவனாக இருந்தவர். அந்த வயதில் தன் மனதில் நீங்காமல் பதிந்த ஒலி, குதிரை மீது வரும் நாடியாவின் கூச்சல்தான் என்று பிற்காலத்தில் எழுதினார். தன்னைப் போன்ற சிறுவர்களுக்கு நாடியா என்றால் தைரியம், பலம், லட்சியம் என்றே பொருள் என்றும் சொன்னார்.

தமிழ் நாட்டிலும் அந்தக் காலத்தில் ஒரு சண்டை ராணி இருந்தார். அவர் கே.டி. ருக்மணி. 1937-ம் ஆண்டில் வந்த "மின்னல் கொடி" படத்தில் நடித்துப் புகழ் பெற்றார்.

53 வயதில் கல்யாணம்

நாடியாவும் டைரக்டர் ஹோமி வாடியாவும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். ஆனால் ஹோமியின் தாய்க்குச் சம்மதம் இல்லை. தாயின் மனதைப் புண்படுத்த ஹோமி விரும்பவில்லை. இருவரும் காத்து இருந்தார்கள். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல, பல ஆண்டுகள்!

தாய் காலமான பிறகு, 1961-ம் ஆண்டில் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்பொழுது நாடியாவுக்கு வயது 53. நாடியாவுக்கு முன்பே ஒரு மகன் இருந்தார். அவரை ஹோமி தன் மகனாக ஏற்றுக்கொண்டார்.

1968-ம் ஆண்டில் "கிலாடி" படத்தில் நாடியா கடைசியாக நடித்தார். அப்பொழுது அவருக்கு 60 வயது!

பேரன் எடுத்த படம்

சண்டைப் படம் என்றால் படித்தவர்களுக்கு இளக்காரம். உயர்ந்த படங்களைப் பற்றி எழுதியவர்கள் நாடியாவைப் பெரிதாக மதிக்கவில்லை. கொட்டகைகளில் புதுப் படங்கள் வந்தன. புது நட்சத்திரங்கள் வந்தார்கள். நாடியா பம்பாயில் அமைதியாக வாழ்ந்தார்.

அப்பொழுதுதான் ரியாத் வின்சி வாடியா என்ற இளைஞர் முன் வந்தார். இவர் ஜே.பி.எச். வாடியாவின் பேரன். நாடியாவுக்கும் பேரன் முறை. தன் வீட்டுப் பாட்டியின் கதை நாட்டுக்கே சொந்தமான கதை என்பதை அவர் உணர்ந்தார். பழைய படக் காட்சிகளையும் பழைய நினைவுகளையும் சேர்த்து, சுமார் 1 மணி நேரம் ஓடும் டாக்குமெண்டரி படம் ஒன்றைத் தயாரித்தார். அதன் பெயர் "பியர்லெஸ்: ஹண்டர்வாலி ஸ்டோரி". "பியர்லெஸ்" என்றால் பயம் அற்றவர்.

இது சாதாரண வேலை அல்ல. அந்தக் காலத்துப் பிலிம் சுலபத்தில் தீப்பிடிக்கக் கூடியது. வைத்த இடத்திலேயே மக்கிப் போகவும் கூடியது. இந்தியாவின் முதல் பேசும் படம் "ஆலம் ஆரா". தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்". 1931-ம் ஆண்டில் வந்த இந்த இரண்டு படங்களுக்கும் இன்று ஒரு பிரதிகூட இல்லை. கேட்பாரற்றுக் கிடந்தால் நாடியாவின் படங்களுக்கும் அந்தக் கதிதான். குடும்பத்தார் காப்பாற்றி வைத்ததால்தான் அவருடைய காட்சிகளைப் புதிய தலைமுறை காண முடிந்தது.

டாக்குமெண்டரி வெளிவந்தபொழுது நாடியாவுக்கு வயது 85. வெளிநாட்டுப் பட விழாக்களிலும் அந்தப் படம் திரையிடப்பட்டது. பெர்லின் நகரில் அதைப் பார்த்த டோரதே வென்னர் என்ற ஜெர்மன் பெண்மணி, நாடியாவின் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார். அது 2005-ம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வந்தது. நாடியாவின் சவுக்கு கடல் கடந்தும் ரசிகர்களைப் பிடித்து இழுத்தது!

பெரும்பாலான கலைஞர்களுக்கு மாலையும் பாராட்டும் மறைந்த பிறகே கிடைக்கின்றன. நாடியாவுக்கு அவர் உயிரோடு இருக்கும்பொழுதே கிடைத்தன.

1996-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி பம்பாயில் நாடியா காலமானார். அதற்கு முதல் நாள்தான் அவருக்கு 88 வயது நிறைந்தது. டாக்குமெண்டரி எடுத்த ரியாத் 2003-ம் ஆண்டில் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அடுத்த ஆண்டில் ஹோமி வாடியாவும் மறைந்தார்.

ஆனால் நாடியாவின் பெயர் மறையவில்லை. 2017-ம் ஆண்டில் வந்த "ரங்கூன்" என்ற இந்திப் படத்தில் கங்கனா ரணாவத் சவுக்கு ஏந்திய நட்சத்திரமாக நடித்தார். பார்த்தவர்களுக்கு நாடியாவின் நினைவுதான் வந்தது. 2018-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி, நாடியாவின் 110-வது பிறந்த நாளில், "கூகுள்" நிறுவனம் தன் முகப்பில் அவருடைய சித்திரத்தைப் போட்டு மரியாதை செய்தது.

கடையில் சாமான் விற்ற ஏழைப் பெண் அவர். அவரை நட்சத்திரம் ஆக்கியது விமர்சகர் அல்ல, வினியோகஸ்தர் அல்ல, சில்லறைக் காசு கொடுத்துத் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த பாமர ஜனங்கள். அவர்கள் வைத்த பாசத்துக்குப் பேரன் எடுத்த டாக்குமெண்டரி ஒரு சாட்சி.

பிலிம் மக்கிப் போகலாம். பாசம் மக்குவது இல்லை!